இரத்தம் குறைவு என்கிறார்கள், கொடுக்கப் போனால் "இப்போது வேண்டாம்" என்கிறார்கள். ஏன்?

கழகச் செயலாளர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பட்டிருப்புப் பக்கம் ஒரு விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். போன வருடம் எங்கள் கோல்காப்பாளன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். அன்றிரவு அவனுக்கு ஏழு பைந்து, அதாவது ஏழு பை, இரத்தம் ஏற்றினார்கள். விடியும்வரை உயிரோடு இருந்தான், அம்மா வந்து சேர்ந்து கையைப் பிடிக்கும்வரை இருந்தான். அந்த ஏழும் யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் ஆட்டைத் திவசத்தன்று ஒரு முகாம் வைத்து, வாங்கியதைத் திருப்பிக் கொடுப்போம் என்று முடிவெடுத்தோம். வீடு வீடாகப் போய்ப் பேர் எழுதினோம். 140 பேர் சேர்ந்தார்கள்.

கடிதத்தைக் கொண்டு இரத்த வங்கிக்குப் போனேன் (எந்த வைத்தியசாலை என்பது வேண்டாம்). அங்கிருந்த டொக்டர் வாசித்துவிட்டு, திரும்பிச் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். "அந்தக் கிழமை ஏற்கனவே இரண்டு முகாம் இருக்கிறது தம்பி. உங்களில் ஐம்பது பேர் போதும். மற்ற ஆட்களைப் பிறகு எடுக்கிறோம்" என்றார். எனக்கு முகம் செத்துப்போனது. 140 பேரில் 90 பேரிடம் போய் "உங்கள் இரத்தம் வேண்டாமாம்" என்று எப்படிச் சொல்வது?

இது நடந்து பத்து நாள் போகவில்லை. முகநூலில் "அவசரம், ஓ நெகட்டிவ் தேவை" என்று ஒரு பதிவு ஓடுகிறது. போதாக்குறைக்கு எங்கள் பெடியன் ஒருவன், வைத்தியசாலையில் சுத்திகரிப்பு வேலை செய்கிறவன், இரத்தப் பைகளைக் கட்டி எரிக்கக் கொண்டுபோனதைத் தன் கண்ணால் கண்டேன் என்கிறான்.

இல்லை என்கிறார்கள், வேண்டாம் என்கிறார்கள், எறிகிறார்கள். மூன்றும் எப்படி ஒன்றாக உண்மையாகும்? உள்ளே வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஊர்க்குருவி எழுதியது:

இதில் என்ன ஆராய்ச்சி? நாங்கள் சும்மா கொடுக்கிறோம், அவர்கள் தனியாருக்கு விற்கிறார்கள். விலை போகாததை எரிக்கிறார்கள். அவ்வளவுதான்.

பழைய லேப்காரன் எழுதியது:

தம்பி செயலாளர், அந்த மூன்றும் உண்மைதான். 31 வருடம் இரத்த வங்கிகளில் எம்.எல்.டி. (ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்) ஆக வேலை பார்த்தவன் நான், பெரும்பகுதி அம்பாறைக் கரையோரத்தில். எறிந்த பைகளின் இலக்கத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வைத்தவனும் நான்தான். கோபிக்காமல் கேளுங்கள்.

ஊர்க்குருவிக்கு ஒரு சொல். அரச வைத்தியசாலையில் இரத்தம் ஏற்றும் நோயாளியிடம் ஒரு சதம் வாங்குவதில்லை. 2014இலிருந்து இந்த நாட்டில் எடுக்கும் இரத்தம் முழுவதும் தானாக முன்வந்து கொடுப்பவர்களுடையது, காசுக்குக் கொடுப்பவர் எவரும் இல்லை. எரிக்கிற பைக்குப் பின்னால் இருக்கும் கதை வேறு.

'வங்கி' என்ற பேரிலேயே பாதிக் குழப்பம் இருக்கிறது. 1937இல் சிகாகோவில் குக் கவுன்ரி வைத்தியசாலை டொக்டர் பேர்னார்ட் ஃபான்டஸ் வைத்த பேர் அது. வங்கியில் போட்ட காசு கிடக்கக் கிடக்க வட்டி வரும். இது கிடக்கக் கிடக்கக் கெடும். என்னைக் கேட்டிருந்தால் மீன்வாடி என்று பேர் வைத்திருப்பேன். வாடிக்காரனுக்கு வலை நிறைய வந்த நாளும் கவலை, வெறும் வலை வந்த நாளும் கவலை.

நீங்கள் கொடுக்கும் 450 மில்லிலீற்றர் ஒரே பொருளாக இருப்பதில்லை. பிரித்தால் மூன்றாகும், மூன்றுக்கும் மூன்று ஆயுள். செங்குழியம் 2 முதல் 6 பாகை குளிரில் 35 நாள் இருக்கும், பையில் கூடுதல் ஊட்டக்கரைசல் இருந்தால் 42 நாள். பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஒரு வருடம். பிளேட்லட், பள்ளிக்கூடத்தில் குருதிச் சிறுதட்டு என்று படித்தோமே, அது ஐந்தே நாள். அதையும் குளிரில் வைக்கக்கூடாது. 20 முதல் 24 பாகையில், ஓயாமல் ஆடும் தட்டில், தொட்டில் பிள்ளை மாதிரி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எச்.ஐ.வி., ஈரல் அழற்சி பி, சி, மேகநோய், மலேரியா என்று சோதனைகள் முடிந்து பை வெளியே வரும்போதே அந்த ஐந்தில் ஒன்று போயிருக்கும்.

இனி உங்கள் 140க்கு வருகிறேன். ஒரு பேச்சுக்கு, அந்த வைத்தியசாலையில் ஒரு நாளைக்கு ஆறு பைந்து செலவாகிறது என்று வையுங்கள். 35 நாளைக்கு 210. அந்தக் கிழமை உங்களுடையது 140, மற்ற இரண்டு முகாமிலும் 90ம் 80ம் என்றால் மொத்தம் 310. தட்டில் ஏற்கனவே இருப்பதைக் கணக்கில் சேர்க்காமலே நூறு பை மிச்சம். அந்த நூறும் ஒரே கிழமையில் காலாவதியாகும். டொக்டர் கலண்டரைப் பார்த்தது இதைத்தான். முகத்தில் அடித்தது போலச் சொல்லாமல் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டியிருக்கலாம், அது அவருடைய பிழை.

இதோடு போகவில்லை. இரத்தம் கொடுத்தவர் நான்கு மாதத்துக்குத் திரும்பக் கொடுக்க ஏலாது. 140 பேரும் ஒரே நாளில் கொடுத்தால், 36ஆம் நாளிலிருந்து உங்கள் ஊர்ப் பை ஒன்றும் தட்டில் இருக்காது, கொடுக்கக்கூடிய ஆளும் இருக்காது. கிட்டத்தட்ட மூன்று மாதம் ஊரே வெறும் கை.

2019 ஏப்ரல் 21ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அன்று நம் சனம் இரத்தம் கொடுக்க நின்ற நிற்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும். தமிழர், முஸ்லிம்கள், வேலைக்கு வந்த சிங்களப் பெடியன்கள், எல்லோரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏப்ரல் 21இலிருந்து 35 நாளை எண்ணிப் பாருங்கள். மே 26. நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் அந்தத் திகதி போட்ட பைகள் வரிசையாக இருந்தன. பக்கத்து வங்கிகளுக்குத் தருகிறோம் என்று போன் எடுத்தால், "அண்ணன், எங்களிடமும் அதே திகதிதான் கிடக்கிறது" என்கிறார்கள். ஆகஸ்ட் பிறந்தபோது அதே தட்டுகளில் பின்பக்கத் தகரம் தெரிந்தது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்காவிலும் இதே கதைதான்.

உங்கள் கோல்காப்பாளனுக்கு ஏறிய ஏழு பைந்தும் அன்று யாரும் ஓடி வந்து கொடுத்ததல்ல. அன்று கொடுத்ததைச் சோதித்து முடிக்கவே நேரம் இருந்திருக்காது. இரண்டு மூன்று கிழமைக்கு முன், ஒன்றும் நடக்காத ஏதோ ஒரு நாளில், ஏழு பேர் கொடுத்துவிட்டு பிளேன்டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

கழகச் செயலாளர் எழுதியது:

ஐயா, கடைசிப் பந்தியை அவனுடைய அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நன்றி.

இன்னும் இரண்டு சந்தேகம். நூறு பை மிச்சம் வரும் இடத்தில் ஓ நெகட்டிவ் மட்டும் எப்படி இல்லாமல் போகிறது? அடுத்தது, எங்கள் உபதலைவர் ஏபி பொசிட்டிவ். "உங்களை இப்போது எடுக்கவில்லை, தேவைப்படும்போது கூப்பிடுகிறோம்" என்று போன முறையும் அவரைத் திருப்பி அனுப்பினார்களாம். ஆள் இன்னும் மனக்கசப்பில் இருக்கிறார்.

வாட்டு மிஸ் எழுதியது:

பழைய லேப்காரன் ஐயாவின் பதிலை வாசித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. தட்டில் காலாவதியாவது மட்டும் கதையில்லை. வாட்டில் நாங்கள் கெடுக்கும் பையும் இருக்கிறது. ஒன்றை நானே கெடுத்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு மாதம் இருக்கும். பின்னேர டியூட்டி. வயலுக்குப் போன இடத்தில் குடற்புண் வெடித்து வந்த ஒரு ஐயாவுக்கு இரண்டு பைந்து எழுதியிருந்தார்கள். அட்டெண்டன்ட் அண்ணன் இரண்டையும் ஒரே தடவையில் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார். முதலாவதை ஏற்றப் போனால் கையில் ஊசி நிற்கவில்லை, நரம்பு வீங்கிவிட்டது. மற்றக் கையில் தேடிக்கொண்டிருக்கும்போது அடுத்த கட்டிலில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தது. எல்லாம் அடங்கித் திரும்பிப் பார்த்தால் இரண்டாவது பை அந்த மேசையிலேயே கிடக்கிறது. எனக்குத் தோன்றிய புத்தி, அதைத் தூக்கி வாட்டுப் பிரிட்ஜில் வைத்தேன். இன்சுலின் போத்தல்களுக்குப் பக்கத்தில், யாரோ வைத்த யோகட் கோப்பைக்கு மேலே.

ஒரு மணித்தியாலம் கழித்து இரத்த வங்கிக்குத் திருப்பி அனுப்பினேன். அங்கிருந்தவர் போனில் ஒரே கேள்விதான் கேட்டார். "எத்தனை மணிக்கு வெளியே எடுத்தீங்க மிஸ்?" பொய் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அந்தப் பை போய்விட்டது.

30 நிமிடத்துக்கு மேல் வெளியே இருந்த பையைத் திரும்பத் தட்டில் வைக்கமாட்டார்கள். அந்த நேரத்துக்குள் பையின் உள்சூடு 10 பாகையை நெருங்கிவிடும், உள்ளே ஒரு கிருமி இருந்தாலும் பெருக அது போதும். பை தொட்டால் குளிராகத்தான் இருக்கும், கை ஏமாறும். வாட்டுப் பிரிட்ஜ் நாங்கள் நிமிடத்துக்கு ஒரு தரம் திறப்பது, அதில் எந்த நேரம் எத்தனை பாகை என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஏற்றத் தொடங்கினால் நான்கு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இப்போது ஊசி சரியாக நிற்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போன் எடுப்பேன். ஒரு தடவைக்கு ஒரு பை. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அந்த யோகட் கோப்பைக் கதையைச் சொல்வேன், சிரிப்பார்கள், ஆனால் மறக்கமாட்டார்கள்.

பழைய லேப்காரன் எழுதியது:

மிஸ், உண்மையைச் சொன்ன உங்களுக்கு அந்த போன் எடுத்தவர் மனதுக்குள் நன்றி சொல்லியிருப்பார். எங்களுக்குப் பயம் திரும்பி வரும் பையைப் பற்றியல்ல, நேரத்தை மாற்றிச் சொல்லி வரும் பையைப் பற்றித்தான்.

செயலாளர் தம்பிக்கு. ஓ நெகட்டிவ் நம் நாட்டில் நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் இருக்கும். உங்கள் 140 பேரில் தேடினால் மூன்று நான்கு பேர் வரலாம். ஆனால் விபத்தில் வருகிறவரின் வகை என்னவென்று பார்க்க நேரம் இல்லாவிட்டால் முதலில் கை போவது அந்தப் பைக்குத்தான், யாருக்கும் பெரும்பாலும் பொருந்தும் என்பதால். ஆகவே எந்தச் சின்ன வைத்தியசாலையும் "இரண்டு பையாவது கைக்காவலுக்கு இருக்கட்டும்" என்று வைத்திருக்கும். அந்த இரண்டும் அவசரம் வராமலே அங்கே கிடந்து முதிரும். அதே நேரம் பெரிய இடத்தில் அது இல்லாமல் அலைவார்கள்.

இதற்கு மருந்து ஒன்றுதான், ஆயுள் பத்து நாளுக்கு வந்ததும் சின்ன இடத்துப் பையைப் பெரிய இடத்துக்கு மாற்றி, புதிதை இங்கே வாங்குவது. சொல்ல லேசு. அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்புக்கு ஏ4 வீதியில் 60 கிலோமீற்றருக்கு மேல். மாரியில் மாவடிப்பள்ளிப் பக்கம் தண்ணீர் மேவினால் காரைதீவிலிருந்து அம்பாறை போகும் வழியும் இல்லை. 2022இல் டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றதையும் பார்த்தோம். இரண்டு பைக்காக ஒரு வாகனம் கேட்டால், கேட்கிறவனைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நான் கடைசிப் பத்து வருடமும் நோயாளி கொண்டுபோகும் அம்புலன்ஸ் சாரதிகளோடு சிநேகம் பிடித்து வைத்திருந்தேன். "தம்பி, போற வழிதானே" என்று பெட்டியைக் கொடுத்துவிடுவேன்.

அதிலும் ஒரு முறை அடிபட்டேன். வெயில் கடுமை என்று சாரதி, நல்ல மனதோடுதான், கடையில் ஐஸ் வாங்கிப் பையின் மேலேயே கொட்டிவிட்டான். போய்ச் சேர்ந்த பையை நிமிர்த்தி வைத்துப் பார்த்தால் செங்குழியம் கீழே தங்கி, மேலே நிற்கும் நீர் வைக்கோல் நிறத்தில் தெரிய வேண்டும். இது நாவற்பழம் கழுவிய தண்ணீர் மாதிரி நின்றது. ஐஸ் நேரே பட்ட இடத்தில் குழியங்கள் உறைந்து வெடித்துவிட்டன. அதற்குப் பிறகு ஐஸ் கட்டிக்கும் பைக்கும் நடுவில் மட்டை வைத்து, பெட்டியை ரேப் ஒட்டி, மேலே "திறக்காதே" என்று மூன்று மொழியிலும் எழுதினேன்.

உங்கள் உபதலைவர் ஏபி பொசிட்டிவ்காரர். அவருக்குச் சொல்லுங்கள், அவருடைய செங்குழியம் ஏபி ஆட்களுக்கு மட்டும்தான் போகும், நூற்றுக்கு ஐந்து பேர்தான் அவர்கள். அந்த ஐந்து பேருக்கும் ஏ, பி, ஓ எதுவும் ஏறும். ஆகவே தட்டில் கடைசியாகக் கிடந்து காலாவதியாவது பெரும்பாலும் ஏபிதான். ஆனால் பிளாஸ்மா என்று வந்தால் கதை தலைகீழ், ஏபி பிளாஸ்மா யாருக்கும் கொடுக்கலாம். கூப்பிடுகிறோம் என்றது சாட்டு இல்லை. கூப்பிட்டால் போகச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது முகாம்காரருடைய குற்றம் இல்லை, எங்கள் ஆட்களுடையது. ஒரு பி பொசிட்டிவ் பை ஞாபகம். அதில் கட்டியிருந்த துண்டில் ஐந்து பெயர்கள் எழுதி ஐந்தையும் வெட்டியிருந்தது. ஐந்தும் பிள்ளைப்பேற்று வாட்டுத் தாய்மார். ஒவ்வொரு சிசேரியனுக்கும் "இரண்டு பை பொருத்தம் பார்த்து வையுங்கள், கையில் இருக்கட்டும்" என்று ஓடர் வரும். பார்த்து, அந்தத் தாயின் பேரில் ஒதுக்கி வைப்போம். ஒதுக்கிய பையை இரண்டு நாளைக்கு வேறு யாருக்கும் தொட ஏலாது. ஒபரேஷன் நல்லபடி முடியும், இரத்தம் தேவைப்படாது, பேரை வெட்டி அடுத்த தாயின் பேரில் எழுதுவோம். இப்படி ஐந்து தாய்மாருக்குக் காவல் நின்று, ஒருவருக்கும் ஏறாமல் 35ஆம் நாள் அந்தப் பை போனது. ஐந்து பிள்ளைகளும் நல்ல சுகம், அது வேறு.

அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு பெரிய டொக்டரிடம் போனேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை ஒரு கணக்கு எடுக்கச் சொன்னார்: பொருத்தம் பார்த்த பைகள் எத்தனை, அதில் உண்மையில் ஏறியது எத்தனை. இரண்டுக்கு ஒன்று என்றால் பரவாயில்லை என்பது பொது அளவு. எங்களுடையது அதைத் தாண்டிப் போயிருந்தது, சிசேரியனில் எங்கேயோ நின்றது. அதற்குப் பிறகு இரத்தம் தேவைப்படும் வாய்ப்புக் குறைந்த ஒபரேஷன்களுக்குப் பை ஒதுக்குவதை விட்டோம். தாயின் இரத்த வகையையும் எதிர்ப்பொருள் ஏதும் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்து வைத்தால், தேவை வந்தால் சில நிமிடத்தில் பொருத்திக் கொடுக்கலாம். பை தட்டிலேயே நிற்கும், யாருக்கும் போகலாம். இளம் டொக்டர்மார் முதலில் பயந்தார்கள். இரண்டு இரவு நானே படுத்துக்கிடந்து, கேட்ட நேரத்துக்குக் கொடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள்.

தட்டு அடுக்குவதிலும் ஒரு கலை உண்டு. பெட்டிக்கடையில் பாண் அடுக்குகிற மாதிரி, பழையது முன்னுக்கு, புதிது பின்னுக்கு. காலையில் வந்ததும் என் முதல் வேலை ஏழு நாளுக்குள் முடியும் பைகளில் சிவப்பு ஒட்டி ஒட்டுவது. ஆனால் எல்லாவற்றுக்கும் பழையதை நீட்ட ஏலாது. பிறந்த பிள்ளைக்கு முழு இரத்தமும் மாற்ற வேண்டி வந்தால் ஐந்து நாளுக்குள் எடுத்தது வேண்டும். தலசீமியா (உடம்பில் இரத்தம் சரியாக ஊறாத பிறவி நோய்) உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு கிழமைக்கு உட்பட்டது நல்லது, பழையதை ஏற்றினால் குழியங்கள் சீக்கிரம் அழிந்து பிள்ளை அடுத்த முறை முன்னதாகவே வர வேண்டியிருக்கும். அவர்களுக்கு என்று ஒரு மூலை தனியாக வைத்திருப்பேன்.

பிளேட்லட்டைப் பற்றித் தொடங்கினால் விடியும். ஒன்று மட்டும். பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெல்ல அமத்தினால் உள்ளே பட்டுப்புடவை மடிப்பு மாதிரி மினுமினுத்துச் சுழல வேண்டும், விடியற்காலை வாவியில் காற்றுப் படும்போது தெரியுமே, அப்படி. சுழலாமல் கலங்கிய தண்ணீராக நின்றால் அது செத்தது, ஏற்றிப் பயனில்லை. மாரியில் டெங்கு கிளம்பினால் உறவினர்கள் "பிளேட்லட் இருபதாயிரத்துக்கு வந்துவிட்டது, ஏன் ஏற்றவில்லை" என்று வாட்டில் சண்டை பிடிப்பார்கள். எண்ணிக்கை குறைந்தது என்பதற்காக மட்டும் ஏற்றத் தேவையில்லை என்றுதான் நம் நாட்டு டெங்கு வழிகாட்டியும் சொல்கிறது. சண்டைக்குப் பயந்து ஏற்றினால், உண்மையில் இரத்தம் கசியும் ஒருவருக்கு நாளைக்கு இருக்காது.

சம்மாந்துறை உம்மா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம். லேப்காரக் காக்கா சொன்ன அந்தத் தனி மூலையிலிருந்து இரத்தம் வாங்குகிற பிள்ளையின் உம்மா நான். மகளுக்கு ஒன்பது வயது, தலசீமியா. நான்கு கிழமைக்கு ஒரு தரம் ஏற்ற வேண்டும். மூன்றாவது கிழமை முடிய முகம் வெளிறி, பள்ளியால் வந்ததும் பையைக் கழற்றாமல் படுத்துவிடுவாள். நாள் வந்துவிட்டது என்று அதில் தெரிந்துவிடும்.

எங்களுக்கு இரண்டு காலம் கஷ்டம். ஒன்று நோன்பு மாதம். பகலில் நோன்போடு இருப்பவர் கொடுக்க வரமாட்டார். மற்றது வெள்ளாமை வெட்டுக் காலம், ஆண்கள் எல்லாம் வயலில். ஒரு நோன்பில் போனபோது "புதிய பி பொசிட்டிவ் இல்லை, இரண்டு நாள் பொறுங்கள்" என்றார்கள். இரண்டு நாள் நான்கானது. அவளைத் தூக்கித்தான் கக்கூசுக்குக் கொண்டுபோனேன்.

அதற்குப் பிறகு அவளுடைய வகுப்பு சேர் ஒரு வேலை செய்தார். பி பொசிட்டிவ் ஆட்கள் 16 பேரைப் பிடித்து, நான்கு நான்காகப் பிரித்தார். மாதத்துக்கு ஒரு நாலு பேர் வங்கிக்கு நேரே போய்க் கொடுப்பார்கள். நான்கு மாதம் சுற்றி முடிய முதல் நாலு பேருக்குத் திரும்ப முறை வரும். நோன்பு மாதத்தில் மஃரிபுக்குப் பிறகு கொடுக்க ஏலுமா என்று வங்கியில் கேட்டு, இருட்டியபின் போவார்கள். அவர்கள் கொடுத்ததுதான் என் மகளுக்கு ஏறும் என்று இல்லை, அது யாருக்கோ போகும். ஆனால் தட்டில் எப்போதும் புதிது ஒன்றிரண்டு நிற்கிறது. மூன்று வருடமாக ஒரு நாளும் நாங்கள் வெறும் கையோடு திரும்பவில்லை.

அந்தப் 16 பேரில் ஒருவர் ஐஸ்பழம் விற்கிறவர். இரத்தம் கொடுத்துவிட்டு அன்றைக்கே சைக்கிள் மிதிப்பார் என்று சேருக்கும் அவருக்கும் எப்போதும் சண்டை.

ஊர்க்குருவி எழுதியது:

சரி சரி. நான் சொன்னது பிழை. ஏ பொசிட்டிவ், 72 கிலோ, ஒருநாளும் கொடுத்ததில்லை, ஊசி என்றால் பயம். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

கழகச் செயலாளர் எழுதியது:

நேற்றிரவு கழகத்தில் எல்லாவற்றையும் வாசித்தோம். முதலில் சத்தம், பிறகு சம்மாந்துறை அக்காவின் கணக்கைப் பலகையில் எழுதிப் பார்த்தோம். 140இல் நாலு பேரைத் தனியாக வைத்து, மிச்சம் 136ஐ நான்கால் பிரித்தால் மாதத்துக்கு 34. முதல் 34 பேர் திவசத்தன்று, மற்றவர்கள் அடுத்த மூன்று மாதமும் அதே திகதியில். ஐந்தாவது மாதம் முதல் ஆட்களுக்குத் திரும்ப முறை. தனியாக வைத்த நாலு பேரில் ஓ நெகட்டிவ் மூன்று பேர், அவர்களை எந்தப் பட்டியலிலும் போடவில்லை, வங்கியில் போன் இலக்கம் மட்டும் கொடுத்து வைத்திருக்கிறோம். உபதலைவரும் அவர்களோடு.

இன்று காலை அதே டொக்டரிடம் போனேன். தாளைப் பார்த்தார், கலண்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இதை யார் தம்பி போட்டுத் தந்தது?" என்று மட்டும் கேட்டார்.

பழைய லேப்காரன் ஐயா, திவசத்தன்று நீங்கள் வர வேண்டும். வயது 60 தாண்டியிருக்கும், இரத்தம் எடுக்கமாட்டார்கள் என்று தெரியும். பிளேன்டீ ஊற்ற ஆள் தேவை. ஊர்க்குருவி அண்ணனும் வரட்டும், அவருடைய கையைப் பிடித்துக்கொள்ள எங்கள் பெடியன்கள் நாலு பேர் இருக்கிறார்கள்.

பழைய லேப்காரன் எழுதியது:

வருகிறேன். தேயிலையை அடுப்பில் போட்டு அவிக்காதீர்கள், கசக்கும். சீனி கூடப் போடுங்கள். ஊர்க்குருவியை முதல் கட்டிலில் படுக்க வையுங்கள், வரிசையில் நின்றால் ஓடிவிடுவார்.